குட்டிப் பாம்புக்கான சூடு: ஒரு பெட்டிக்குப் பின்னால் உள்ள வணிகமும் சட்டமும்

2025 யூலையில் பாங்கொக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இலங்கையர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். கொழும்புக்குப் புறப்படவிருந்த அவருடைய உள்ளாடைக்குள் மூன்று மலைப்பாம்புகள் இருந்தன. செய்தி வெளியான அன்றே அது முகநூலில் நகைச்சுவையாகிவிட்டது. எம்மவர்களும் சிரித்தோம், பகிர்ந்தோம், மறந்தோம். தமிழ் ஊடகங்கள் பலவற்றில் அது ஒரு பந்திச் செய்தியோடு முடிந்தது.

அந்தப் பந்தி மூன்று விடயங்களைச் சொல்லவில்லை. அந்தப் பாம்புகள் உண்மையில் எந்த மண்ணுக்கு உரியவை? கொழும்பில் அவற்றுக்காகக் காத்திருந்தவர் யார்? வாங்கியவர் அவற்றை எதற்குள் வைத்து வளர்க்க நினைத்தார்? கடைசிக் கேள்வி அற்பமானதாகத் தெரியலாம். ஆனால், ஒரு குட்டிப் பாம்பு உயிர்வாழத் தேவையான சூட்டை யார், எப்படி, எவ்வளவு காலத்துக்குக் கொடுப்பது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் மற்ற இரண்டுக்கும் விடை கிடைக்கிறது. மேற்கு ஆபிரிக்க விவசாயி, லண்டன் தொடர்மாடி வீட்டின் மின்கட்டணப் பட்டியல், சென்னை விமான நிலையம், வன்னியின் எல்லைக்கல் எல்லாம் அந்த ஒரே கேள்வியில் வந்து முட்டுகின்றன.

புற்றிலிருந்து பெட்டிக்கு

பாங்கொக்கில் பிடிபட்டவை ‘போல் பைதன்’ எனப்படும் இனம். பிரித்தானியாவில் ‘ரோயல் பைதன்’ என்பார்கள். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது. எமது வெங்கிணாந்திக்கு உறவுமுறை என்றாலும் உருவத்தில் மிகச் சிறியது. முழு வளர்ச்சியடைந்தாலும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து அடிக்குள் நின்றுவிடும். நஞ்சில்லை. இந்த அளவும் அமைதியும்தான் அதை உலகின் மிகப் பிரபலமான வளர்ப்புப் பாம்புகளில் ஒன்றாக்கின.

அதன் சொந்த இடம் கானா, டோகோ, பெனின் உள்ளிட்ட மேற்கு, மத்திய ஆபிரிக்க நாடுகளின் புல்வெளிகளும் தோட்ட நிலங்களும். பகலில் எலி வளைகளுக்குள்ளும் கறையான் புற்றுகளுக்குள்ளும் கிடக்கும், இரவில் இரைதேடும். பெனினின் வீடா நகரில் இந்தப் பாம்புகளுக்கென ஒரு கோவிலே இருக்கிறது. புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கும் மக்களுக்கு அந்த உணர்வை விளக்கத் தேவையில்லை.

அதே பிராந்தியத்திலிருந்துதான் 1975ஆம் ஆண்டு முதல் 30 இலட்சத்துக்கும் அதிகமான போல் பைதன்கள் உயிருடன் ஏற்றுமதியாகியுள்ளன. சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் இந்த வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்டதல்ல, அனுமதிப்பத்திரத்துடன் நடப்பது. கிராமத்து வேட்டைக்காரர்கள் வளைகளைத் தோண்டி, முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் தாய்ப் பாம்பையும் முட்டைகளையும் எடுத்துப் பண்ணைகளுக்கு விற்கிறார்கள். பண்ணையில் பொரிக்கும் குட்டிகள் பெட்டிகளில் அடுக்கப்பட்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் பறக்கின்றன. ஆவணங்களில் அவை ‘பண்ணையில் பொரித்தவை’. ஆனால் அந்த முட்டையின் தாய் காட்டுக்குச் சொந்தமானது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை ‘அச்சுறுத்தலை அண்மித்தது’ என்ற வகைக்குள் வைத்திருக்கிறது.

டோகோவின் வேட்டைக்காரரைக் குற்றவாளியாக்குவது இலகு. அவரும் ஒரு சிறு விவசாயி. வயலில் வேலை குறைந்த மாதங்களில் வளை தோண்டி வரும் காசு அவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு. விலையின் பெரும் பங்கு அவரிடம் வருவதில்லை என்பது தேங்காயும் கடலட்டையும் விற்ற எங்களுக்குத் தெரியாத கதையல்ல.

சரியான பெட்டி என்றால் என்ன?

பாம்புக்குத் தன் உடலுக்குள் சூட்டை உண்டாக்கத் தெரியாது. சூழலில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரை செரிப்பதும், நோயை எதிர்ப்பதும், சுவாசப்பை சுத்தமாக இருப்பதும் அந்தச் சூட்டில் தங்கியுள்ளன. குளிரில் வைக்கப்பட்ட குட்டி விழுங்கிய எலிக்குஞ்சை வெளியே கக்கும், அல்லது உண்பதையே நிறுத்தும். நாட்கள் போக மூச்சில் இரைச்சல் கேட்கும், வாயில் சளி கட்டும். அந்த நிலைக்கு வந்த குட்டியைக் காப்பாற்றுவது கடினம்.

ஆகவே பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் அதைவிடக் குளிராகவும் இருக்க வேண்டும். போல் பைதனுக்குச் சூடான பக்கம் ஏறத்தாழ 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27 பாகை. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால், பயந்த குட்டி சூட்டை விட்டுவிட்டு மறைவைத் தேர்ந்தெடுக்கும், அல்லது மறைவுக்காகச் சூட்டிலேயே கிடந்து வேகும். சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் இடையில் தேர்வு செய்யும் நிலை அதற்கு வரக் கூடாது.

சூடு கொடுக்க மூன்று வழிகள் பொதுவாகப் பாவிக்கப்படுகின்றன. தரையின் மூன்றிலொரு பங்கை மூடும் வெப்ப விரிப்பு. வெளிச்சமில்லாமல் சூடு தரும் செரமிக் வெப்பக் குமிழ். மேலிருந்து உடலுக்குள் ஆழமாக இறங்கும் கதிரைத் தரும் வெப்பக்கருவி. விரிப்பு தொடுகின்ற இடத்தைத்தான் சூடாக்கும், பெட்டிக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குவது குறைவு. குளிர்நாட்டு வீடுகளில் மேலிருந்து வரும் சூடே கூடுதல் பயன் தருகிறது. குமிழ் எதுவானாலும் அதைச் சுற்றிக் கம்பிக்கூடு போட வேண்டும். பாம்புக்குச் சூடான குமிழைச் சுற்றிக்கொள்ளத் தெரியும், தோல் கருகுமுன் விலகத் தெரியாது. கடைகளில் விற்கும் ‘சூடேறும் கற்கள்’ இதே காரணத்துக்காகத் தவிர்க்கப்பட வேண்டியவை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தேர்மோஸ்டாட். பெட்டியின் சூட்டை அளந்து, கூடினால் கருவியை அணைத்து, குறைந்தால் மீண்டும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அது. அது இல்லாத வெப்ப விரிப்பு 40 பாகையைத் தாண்டிப் போகலாம். தேர்மோஸ்டாட்டை மட்டும் நம்பவும் கூடாது. இரு பக்கமும் தனித்தனி எண்முறை வெப்பமானிகள் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியைவிட மரப்பெட்டி சூட்டைக் கூடுதலாகத் தக்கவைக்கும். யன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் வைத்தால் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். ஈரப்பதனும் ஓரளவு வேண்டும், இல்லாவிட்டால் குட்டி சட்டை கழற்றும்போது தோல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லும் ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் பெட்டி, பிறகு பாம்பு. வெறும் பெட்டியைச் சில நாட்கள் இரவு பகலாக ஓடவிட்டு, அதிகாலைக் குளிரிலும் வெப்பமானி சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்த பின்னரே குட்டியைக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான குட்டிகளுக்கு நடப்பது இதற்கு மறுதலை. கடையில் கண்டு, ஆசைப்பட்டு, பெட்டிக்குள் போட்டபின் சூட்டைப் பற்றி யோசிக்கிறார்கள்.

மின்கட்டணப் பட்டியலில் ஒரு பாம்பு

சாதாரண நிறமுள்ள போல் பைதன் குட்டி ஒன்றைப் பிரித்தானியாவில் சில பத்துப் பவுண்களுக்கு வாங்கலாம். பெட்டியும் கருவிகளும் பாம்பைவிட விலை கூடியவை. அதையும் ஒருமுறை செலவு என்று எடுத்துக்கொள்வோம். மின்சாரம் ஒவ்வொரு நாளும் வரும் செலவு.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 வோட்ஸ் வெப்பக்கருவி தேர்மோஸ்டாட்டின் கட்டுப்பாட்டில் நாளின் பாதி நேரம் ஓடுகிறது என்றால் ஒரு நாளைக்கு 1.2 அலகு, ஆண்டுக்கு 438 அலகு. பிரித்தானியாவில் 2021 - 22 குளிர்காலத்தில் ஓர் அலகு மின்சாரம் ஏறத்தாழ 21 பென்ஸ். அப்போது அந்தப் பெட்டியின் ஆண்டுச் செலவு சுமார் 92 பவுண். உக்ரைன் போருக்குப் பின், 2022 ஒக்டோபரில் அலகு 34 பென்ஸ் ஆனது. அதே பெட்டிக்கு 149 பவுண். 2025இன் கடைசி மாதங்களில் அலகு 26 பென்ஸ் அளவில் இருந்தது. அதன்படி சுமார் 114 பவுண். வீட்டைச் சூடாக்குவதையே குறைத்துக்கொண்ட குடும்பத்தில், குளிர்ந்த அறைக்குள் இருக்கும் பெட்டி இன்னும் கூடுதல் நேரம் ஓடும். ஆகவே உண்மைச் செலவு இந்தக் கணக்கைத் தாண்டும்.

தொகை பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் அதே 2022இல் ஒரு சராசரி வீட்டின் ஆண்டு எரிசக்திக் கட்டணம் 1,277 பவுண்களில் இருந்து, அரசின் உச்சவரம்புத் தலையீட்டுக்குப் பின்னரும், 2,500 பவுண்களுக்கு ஏறியது. சாப்பாடா சூடா என்று குடும்பங்கள் தேர்வு செய்த குளிர்காலம் அது. அந்த நேரத்தில்தான் மின்கட்டணம் காரணமாக ஊர்வன விலங்குகள் கைவிடப்படுவது பற்றி அந்நாட்டு விலங்கு நலச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ. எச்சரித்தது. நாய் குளிரில் நடுங்கினால் தெரியும். பாம்பு நடுங்காது, சத்தம் போடாது. மெல்ல அசைவைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

புலம்பெயர்ந்த எமது குடும்பங்களுக்கு இது வேற்றார் கதையல்ல. லண்டனிலும் டொரன்டோவிலும் ஒஸ்லோவிலும் வளரும் பிள்ளை வகுப்பு நண்பனின் வீட்டில் பாம்பைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து கேட்கும். பாம்பென்றால் புடையனும் நாகமும் என்று வளர்ந்த, தறப்பாள் கொட்டிலுக்குள் விளக்குப் பிடித்துப் படுக்கையை உதறிப் படுத்த பெற்றோர் ‘உனக்கென்ன விசரோ’ என்று ஏசுவார்கள். இருவரும் பேசுவது ஒரே பிராணியைப் பற்றியல்ல. அந்த இடைவெளியில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் பேசப்படாமலே போகின்றன. வீட்டு வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? பிள்ளை பல்கலைக்கழகம் போனபின் யார் பார்ப்பது? இந்தப் பாம்பு வளர்ப்பில் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 2020இல் முட்டையிட்ட போல் பைதனுக்கு வயது குறைந்தது 62.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் தெளிவானது. 16 வயதுக்கு உட்பட்டவருக்கு விலங்கு விற்க முடியாது. வளர்ப்பவருக்கு அந்த விலங்கின் தேவைகளைப் பூர்த்திசெய்யும் சட்டக் கடமை உண்டு, பொருத்தமான சூழலும் அதில் அடங்கும். சூடில்லாத பெட்டி அங்கு ஓர் அசட்டை மட்டுமல்ல, குற்றமாகவும் முடியலாம்.

கொழும்பில் சூடு இலவசம்

இனி அதே பாம்பைக் கொழும்புக்குக் கொண்டுவருவோம். இங்கு கணக்கு தலைகீழாகிறது. மலைநாட்டை விட்டால் நாட்டின் பெரும் பகுதியில் பெட்டியைச் சூடாக்க அதிக மின்சாரம் தேவையில்லை. இந்த வசதிதான் ஆபத்தும்கூட. லண்டனில் பெட்டியை விட்டுத் தப்பிய போல் பைதன் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. இங்கு தப்பினால் வளையும் இருக்கிறது, எலியும் இருக்கிறது, வருடம் முழுவதும் சூடும் இருக்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா இதற்குச் சாட்சி. வளர்ப்புக்கு வந்து தப்பிய அல்லது விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, அங்குள்ள சிறு பாலூட்டிகளைப் பெருமளவில் அழித்துவிட்டன. அவற்றோடு வந்த சுவாசப்பை ஒட்டுண்ணி ஒன்று இப்போது உள்ளூர்ப் பாம்புகளுக்குப் பரவியுள்ளது. போல் பைதன் அவ்வளவு பெரிய பாம்பல்ல. ஆனால் வளர்ப்பு மலைப்பாம்புகளில் காணப்படும் வைரசு நோய்களுக்கு உருவம் ஒரு பொருட்டல்ல. எமது வெங்கிணாந்தியும் மலைப்பாம்புக் குடும்பம்தான்.

இலங்கைச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி இத்தகைய விலங்குகளை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஆனால் களவாக வந்த குட்டிக்கு என்ன நடக்கும் என்பதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. அதை வைத்திருப்பவர் மிருக வைத்தியரிடம் வெளிப்படையாகப் போக முடியாது. சரியான கருவி எது என்று கடையில் கேட்க முடியாது. நோய்ப்பட்டால் ஒளித்துவைப்பார், சலித்தால் பற்றைக்குள் விடுவார். களவு வணிகம் விலங்கைப் பிடிக்கும்போது மட்டுமல்ல, விற்றபின்னும் அதைக் கொல்லுகிறது.

இந்தப் பாதை பாங்கொக்கோடும் கொழும்போடும் நிற்பதில்லை. சென்னை விமான நிலையம் இன்னொரு வாசல். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பெண் பயணியின் பொதிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத எமது கொம்புப் பல்லிகள் ஐரோப்பியச் சந்தைகளில் விலைபோனதால்தான், 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இலங்கையின் பல பல்லியினங்களைப் பாதுகாப்புப் பட்டியல்களில் சேர்த்தது. நக்கிள்ஸ் மலையின் குளிரில் வாழும் ஒரு பல்லிக்கு ஐரோப்பாவில் யாரோ குளிரூட்டிய பெட்டி செய்கிறார். அவர் செய்வதும், மேற்கு ஆபிரிக்கப் பாம்புக்குக் கொழும்பில் ஒருவர் பெட்டி செய்வதும் ஒரே வேலைதான்.

ஒரே சட்டம், இரண்டு வேகம்

‘வனசீவராசிகள்’ என்ற சொல்லைக் கேட்டதும் வடக்கு, கிழக்கு மக்களின் நெற்றி சுருங்குகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள், தாம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பற்றை மண்டிய தோட்டக் காணிகளில் எல்லைக்கற்களைக் கண்டார்கள். 1938 முதல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டபோது, கடலையும் களப்பையும் நம்பிய மக்களிடம் எழுந்த அச்சம் இன்னும் தீரவில்லை. தன் தகப்பன் வெட்டிய காணியைத் துப்புரவாக்கிய விவசாயிக்கு வழக்கு விரைந்து வருகிறது.

பாங்கொக்கில் பிடிபட்டவரோ 2024இல் கொழும்பிலும் விலங்குக் கடத்தல் தொடர்பில் சிக்கியவர் என்று செய்திகள் தெரிவித்தன. அடுத்த ஆண்டே அவர் மீண்டும் ஒரு விமான நிலையத்தில் நின்றார். ஏழைக்கு ஒரு வேகத்திலும் வணிகத்துக்கு இன்னொரு வேகத்திலும் ஓடும் சட்டத்தில் மக்களுக்கு நம்பிக்கை வராது.

ஆனால் அந்த நம்பிக்கையின்மையில் இருந்து ‘பாம்பு எங்கள் பிரச்சினையல்ல’ என்ற முடிவுக்குப் போவது தவறு. காணிப் பிரச்சினையில் நாம் கேட்பது சட்டம் இல்லாமல் போக வேண்டும் என்பதையல்ல, அது நீதியாக நடக்க வேண்டும் என்பதையே. அதே அளவுகோலை விமான நிலையத்துக்கும் வைக்க வேண்டும். கடத்தல் வழக்கு எத்தனை மாதம் இழுபடுகிறது, எவ்வளவு தண்டப்பணத்தோடு முடிகிறது, மீட்கப்பட்ட விலங்கு எங்கே போகிறது என்று தொடர்ந்து கேட்பது ஊடகங்களின் வேலை. உள்ளாடைச் செய்தியோடு அது முடிந்துவிடுவதில்லை.

வாங்கும் முன்

புலம்பெயர் நாடுகளில் பாம்பு வளர்ப்பது சட்டபூர்வமானது என்றால், முடிவு குடும்பத்துடையது. ஆனால் சில நிபந்தனைகளை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். குட்டி எங்கே பொரித்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘பண்ணை’ என்ற சொல்லோடு நிற்காமல், தாய்ப் பாம்பு அவரிடம்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளூரில் இனப்பெருக்கம் செய்பவர் அதைக் காட்டத் தயங்கமாட்டார். அதைவிட நல்லது, கைவிடப்பட்ட பாம்புகளைப் பராமரிக்கும் நிலையத்தில் இருந்து எடுப்பது. கடந்த மின்கட்டண நெருக்கடியில் வந்துசேர்ந்தவை போலப் பல அங்கே காத்திருக்கின்றன. பெட்டியை ஒரு மாதம் வெறுமையாக ஓட்டி, வரும் மின்கட்டணப் பட்டியலைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். அதைப் பார்த்த பின்னும் ஆசை குறையாவிட்டால் அது ஆசை மட்டுமல்ல என்று எடுத்துக்கொள்ளலாம்.

மின்வெட்டுக்கும் வழி வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு மின்சாரம் என்பது வரும், போகும் ஒன்று. பெட்டிக்குள் இருக்கும் குட்டிக்கோ மின்சாரம்தான் சூரியன். பெட்டியைச் சுற்றிப் போர்த்தக் கம்பளமும், துணியில் சுற்றிய சுடுநீர்ப் போத்தலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு நிபந்தனை ஒன்றுதான்: வாங்காதீர்கள். எவ்வளவு நல்ல பெட்டி செய்தாலும், அந்தக் குட்டி அதற்குள் வந்த வழியைப் பெட்டி நியாயப்படுத்தாது. வாங்க ஒருவர் இருக்கும்வரை உள்ளாடைக்குள் ஒளிக்க இன்னொருவர் இருப்பார்.

டோகோவின் புற்றுக்குள் அந்தச் சூட்டுக்கு யாரும் கட்டணம் கட்டவில்லை. அங்கிருந்து தோண்டியெடுத்த நாளில் இருந்து ஒவ்வொரு பாகைக்கும் யாரோ ஒருவர் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பை அடுத்த 30 ஆண்டுகளுக்கு ஏற்க முடியாதவர், குட்டியின் அழகைப் படத்தில் பார்த்து மகிழ்வதே அதற்குச் செய்யும் நன்மை.